காலர் ஒரு வருஷம், கல்வெட்டு நூறு வருஷம்

தமிழனுக்குப் புது வருஷம் சித்திரை ஒன்று. ஆடிட்டருக்கு ஏப்ரல் ஒன்று. நம்மூர் சேவைச் சங்கத்தாருக்கு மட்டும் ஜூலை ஒன்று. அன்றைக்குத்தான் ஊரிலுள்ள ஏழைகள் மறுபடியும் முதலிலிருந்து ஏழைகளாகிறார்கள். ஜூன் 30 வரை செய்ததெல்லாம் போன தலைவர் கணக்கு, பழைய ஆல்பத்தோடு போயிற்று. புதுத் தலைவருக்குப் புது ஃபிளக்ஸ் வேண்டும், புதுத் தையல் மெஷின் வேண்டும், அதை வாங்கிக்கொள்ளப் புது ஏழை வேண்டும்.

ரோட்டரியா, லயன்ஸா, எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். கொங்குப் பக்கத்தில் நகராட்சி அளவுள்ள ஓர் ஊர், அதில் ஒரு சங்கம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தச் சங்கம் கோபித்துக்கொள்ளும் என்று பயமில்லை. பெயர் சொல்லப்படாத மற்ற சங்கங்கள் வருத்தப்படும். அழைப்பிதழில் பெயர் விடுபட்டதற்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

இரண்டுமே சிகாகோவில் பிறந்தவை. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு உட்கார்ந்து பேசியது ரோட்டரி ஆனது. மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்க எஞ்சினியர், ஒருவர் தையற்கடைக்காரர். ஒவ்வொரு தடவையும் ஒருவர் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றிக் கூடியதால் அந்தப் பெயர். 1917-ல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் தொடங்கியது லயன்ஸ். ரோட்டரியின் முதல் நால்வரில் ஒரு தையற்கடைக்காரர் இருந்தார் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூர்ச் சங்கத்தில் தையல்காரருக்கு ஒரே ஒரு வேலைதான்: மேடையேறி மெஷினை வாங்கிக்கொண்டு இறங்குவது.

ஜூலையில் பதவியேற்பு விழா. ஏசி கல்யாண மண்டபம். மணி அடித்துக் கூட்டம் தொடங்கும். மேடையில் பதினான்கு நாற்காலிகள். தலைவரை ஒருவர் அறிமுகம் செய்வார், அறிமுகம் செய்பவரை இன்னொருவர் அறிமுகம் செய்வார். கீழே இருப்பவர்களுக்கு இவர்களைப் பிறந்த நாளிலிருந்தே தெரியும். ஆனாலும் இங்கிலீஷில் அறிமுகம் செய்தால்தான் காலர் கழுத்தில் நிற்கும். காலர் என்பது முன்னாள் தலைவர்கள் பெயரெல்லாம் பொறித்த தகடுகள் கோத்த சங்கிலி. வருஷா வருஷம் ஒரு தகடு கூடுகிறது. ஊரில் வேறெதுவும் கூடியதாகத் தெரியவில்லை.

சால்வைகள் முடிந்து, நினைவுப் பரிசுகள் முடிந்து, நினைவுப் பரிசு கொடுத்தவர்களுக்கு நினைவுப் பரிசு கொடுத்து முடித்து, ஒன்பதரை மணிக்கு 'நலத்திட்ட உதவி' வரும். அதற்குள் பாதிக் கூட்டம் பந்திக்குப் போயிருக்கும். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவரை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். தையல் மெஷின் மேல் பதினான்கு கைகள் விழுகின்றன. கையெட்டாத ஒருவர் எட்டியவரின் தோளைத் தொட்டுக்கொள்கிறார். போட்டோகிராபர், "அம்மா, கொஞ்சம் பின்னாடி போங்க, சேர்மன் மறையறாருங்க" என்கிறார். மெஷின் கிடைத்த பெண், மெஷினுக்கு இடைஞ்சலாகிப் பின்னால் போய்விடுகிறார். மறுநாள் பேப்பரில் பதினான்கு பேரும் வந்திருந்தார்கள். அவருடைய முந்தானை ஓரம் வந்திருந்தது.

விழா முடிந்ததும் அந்தப் பெண் செயலாளரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங்க, இதை எப்படிங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறது?" அந்தக் கேள்வி ப்ராஜெக்டில் இல்லை. பந்தியில் ஒரு இலைக்கு என்ன விலை, அந்தக் காசுக்கு எத்தனை மெஷின் வாங்கலாம், ஆட்டோ வாடகையும் சேர்த்து என்று ஒரு உறுப்பினர் கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் அவரைப் பொருளாளர் ஆக்கவில்லை.

ரோட்டரியில் மாதத்துக்கொரு தலைப்பு உண்டு. ஆகஸ்ட், உறுப்பினர் சேர்க்கை மாதம். உறுப்பினர்கள் யார்? ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், ஸ்பின்னிங் மில் வைத்திருப்பவர், மனை பிரித்து விற்பவர், மெட்ரிக் பள்ளித் தாளாளர், நகைக்கடைக்காரர், நகராட்சி கான்ட்ராக்டர். ஊரில் எது நடந்தாலும் இவர்களில் ஒருவருக்கு லாபம், எது நடக்காவிட்டாலும் இன்னொருவருக்கு லாபம். பெண்களைச் சேர்க்கும் விஷயத்தில் இந்த இயக்கம் பட்ட பாடு தனிக்கதை. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக 1978-ல் அதன் அங்கீகாரமே பறிக்கப்பட்டது. 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. நம்மூரில் கதவு திறந்துதான் இருக்கிறது. பெண்கள் குத்துவிளக்கு ஏற்ற வருகிறார்கள், ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

செப்டம்பர், எழுத்தறிவு மாதம். ஆசிரியர் தினத்தை ஒட்டி அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு 'தேசத்தைக் கட்டியெழுப்புபவர்' விருது. கொடுப்பவர் நம் தாளாளர். அவருடைய பள்ளியில் ஒரு எம்.எஸ்சி., பி.எட். படித்த டீச்சருக்குத் தரும் மாதச் சம்பளத்தை இங்கே எழுதினால் பிரிண்டிங் மிஸ்டேக் என்று நினைப்பீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடத்தைக் கேட்டு யாராவது போனால், ஆபீஸ் ரூமில் ஃபேன் கூடப் போட மாட்டார்கள். அதே மனிதர் மேடையில், "ஏழைப் பிள்ளைகளின் கல்விதான் என் மூச்சு" என்கிறார். ஹாலில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். விருது வாங்கிய வாத்தியார்களும் தட்டுகிறார்கள். அதில் இருவருடைய பிள்ளைகள் அவர் பள்ளியில்தான் படிக்கின்றன.

அக்டோபர் 24, உலக போலியோ தினம். இங்கே கிண்டலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன். 1985-ல் ரோட்டரி போலியோவை ஒழிக்கக் கிளம்பியபோது பல பேர் சிரித்தார்கள். 1988-ல் உலகத்தில் 125 நாடுகளில் இருந்த நோய் அது. இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்று கொடுத்தது. அந்தச் சாதனையில் ரோட்டரியின் பணத்துக்கும் பிடிவாதத்துக்கும் நிஜமான பங்கு உண்டு. அதை மறுப்பவன் அயோக்கியன்.

ஆனால் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் நடந்தவர் கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகக் குழந்தைகளைக் கணக்கெடுத்தவர் அங்கன்வாடி ஊழியர். நம் சங்கத்தார் சொட்டு மருந்து முகாமுக்குக் காலை எட்டு மணிக்கு மஞ்சள் சட்டையில் வந்து, எட்டேகாலுக்குள் எட்டுக் குழந்தைகளின் வாயைத் திறந்து, எட்டரைக்கு டிபனுக்குப் போனவர்கள். இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் 'போலியோ ஒழிப்பு வீரர்' என்று போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் செவிலியருக்கு ஒரு பத்திரிகைகூட வைக்கவில்லை.

நவம்பர், அறக்கட்டளை மாதம். 1917-ல் ஆர்ச் கிளம்ப் என்பவர் உலகத்துக்கு நல்லது செய்ய ஒரு நிதி வேண்டும் என்றார். அடுத்த வருஷம் கான்சஸ் சிட்டிச் சங்கம் அனுப்பிய முதல் தொகை 26 டாலர் 50 சென்ட். இன்றைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால் பால் ஹாரிஸ் ஃபெல்லோ. லயன்ஸில் அதே ஆயிரத்துக்கு மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ. கோட்டில் ஒரு பின், கழுத்தில் ஒரு பதக்கம், விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் மூன்று நான்கு எழுத்து. பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவர்கள் ஒரே செக்கில் பட்டதாரிகளாகும் வழி இது.

கொடுக்கட்டும். அந்தப் பணம் எங்கோ ஒரு குழந்தைக்குத் தடுப்பூசியாகப் போகிறதென்றால் நல்லதுதான். எனக்குள்ள கேள்வி டாலரைப் பற்றியதில்லை, ரூபாயைப் பற்றியது. இருபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு வருங்கால வைப்புநிதிச் சட்டம் வந்துவிடும் என்பதற்காக, நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் மஸ்டர் ரோலைப் பத்தொன்பதிலேயே நிறுத்தி வைத்திருக்கும் முதலாளி பதக்கத்தோடு மேடையில் நிற்கிறார். தீபாவளிக்குச் சட்டப்படி 8.33 சதவீத போனஸ் கேட்டவனை, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பியவர் நிற்கிறார். யாரும் கேட்காத டாலரைக் கொடுக்கிறார்கள். கேட்டவனுக்குக் கொடுக்க வேண்டிய ரூபாயைக் கொடுக்க மாட்டார்கள். முன்னதற்குப் பதக்கம் உண்டு. பின்னதற்கு ரசீதுதான் உண்டு, ரசீதை ஃபிரேம் போட்டு மாட்ட முடியாது.

டிசம்பர், நோய்த் தடுப்பு மாதம், அதாவது முகாம் மாதம். இலவச இதயப் பரிசோதனை முகாமில் பி.பி. இலவசம், ஈ.சி.ஜி. இலவசம், பயம் இலவசம். "எதுக்கும் திங்கக்கிழமை நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு எக்கோ எடுத்துருங்கம்மா" என்பதற்குத்தான் காசு. முகாம் செலவைச் சங்கம் ஏற்கும், திங்கட்கிழமை வரவை உறுப்பினர் ஏற்பார்.

கண் முகாம் வேறு. 1925-ல் ஒஹாயோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றவர்களுக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் அவர்களுடைய பொறுப்பாயிற்று. தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கி இவ்வளவு தூரம் வளர்ந்ததில், ஊர் ஊராக முகாமுக்கு இடம் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்து, ஜனங்களைக் கூட்டிய உள்ளூர்ச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு. புரை விழுந்த பாட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், லென்ஸ் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது சத்தியமான சேவை.

அதையும் நம்மவர்கள் விட்டுவைப்பதில்லை. மருத்துவக் குழு விடிகாலையிலேயே வந்து தயாராக இருக்கும். ஆனால் எம்.எல்.ஏ. ரிப்பன் வெட்டாமல் கண்ணைப் பார்க்கக் கூடாது. எம்.எல்.ஏ. பத்தே முக்காலுக்கு வருவார். பிறகு சால்வைகள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த சர்க்கரைக்காரக் கிழவிகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூட பெஞ்சில் சாய்ந்துகிடக்க, மைக்கில் ஒருவர் 'கண்ணான கடமை' பற்றி இருபது நிமிடம் பேசுவார். ஒரு பாட்டி பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்: "இவியெல்லாம் கண்ணு டாக்டருங்களா ஆயா?" "இல்ல ஆயா, இவிய போட்டோவுக்கு வந்தவிய." பார்வை யாருக்கு மங்கல் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

ஜனவரி, தொழில் நெறி மாதம். இதற்காகவே ரோட்டரியில் நான்கு கேள்விகள் உண்டு. 1932-ல் சிகாகோவில் திவாலாகும் நிலையிலிருந்த ஒரு அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் எழுதியவை. நாம் சொல்வதும் செய்வதும் உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நன்மையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று சேர்ந்து சொல்வார்கள்.

மனை விற்கும் நம் உறுப்பினரும் எழுந்து நின்று சொல்கிறார். உண்மையா? 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று அவர் அச்சடித்த நோட்டீஸ் ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கானது. நியாயமா? லே-அவுட்டில் பூங்கா என்று காட்டிய இடம் இப்போது ஏழு சைட். நட்பை வளர்க்குமா? சர்வேயரோடும் சார்பதிவாளரோடும் வளர்ந்திருக்கும் நட்பைப் பார்த்தால் கண் கலங்கும். எல்லோருக்கும் நன்மையா? வாய்க்காலை மூடி காம்பவுண்டு கட்டியதில் மழைக்காலத்தில் தண்ணீர் நேராகக் காலனிக்குள் போகிறது. போன ஐப்பசியில் காலனி முங்கியபோது முதலில் போய்ப் போர்வை கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நம் சங்கம்தான். தலைமை தாங்கியது யார்? அவரேதான். வெள்ளமும் அவர் உபயம், போர்வையும் அவர் உபயம். இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் ஃபிளக்ஸ் வைத்தார்கள்.

பிப்ரவரி, அமைதி மாதம். சங்கம் உடையும் மாதமும் அதுதான், ஏனென்றால் அடுத்த தலைவர், அதற்கடுத்த தலைவர் பஞ்சாயத்தெல்லாம் சூடு பிடிக்கும் நேரம். ஒரு சங்கம் இருந்த ஊரில் இப்போது சென்ட்ரல், எலைட், ராயல், மிட்டவுன் என்று நான்கு. ஊரில் ஏழைகள் நான்கு மடங்கானதால் வந்த வளர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கழுத்து நான்கு இருந்தது, காலர் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

இனி மார்ச். தண்ணீர், சுகாதார மாதம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஊருக்குத் தெற்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை என்று தலைமையாசிரியை மூன்று வருஷமாக நகராட்சிக்கு எழுதிக்கொண்டிருந்தார். சங்கம் முன்வந்தது. கட்டியது. கட்டடம் சிறியது, ஆறு அறை. கதவு தகரம், கல்வெட்டு கிரானைட். கருப்புக் கல்லில் தங்க எழுத்தில் முப்பத்தொரு பெயர்கள், பட்டங்களோடு. பெரிய கல் என்பதால் ஒரு ஜன்னலை மூடிவிட்டுப் பதித்தார்கள். காற்று எப்படியாவது வேறு வழியில் வந்துவிடும், பெயர் வர வேறு வழியில்லை.

திறப்பு விழாவுக்கு கவர்னர் வந்தார். ராஜ்பவன் கவர்னர் இல்லை, சங்கத்தின் மாவட்ட கவர்னர். இவரிடம் மசோதா ஏதும் கிடையாது, அதனால் எதையும் நிறுத்தி வைக்க மாட்டார், போட்டோவுக்கு உடனே நிற்பார். வெயிலில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, கையில் பூத்தட்டு கொடுத்திருந்தார்கள். கவர்னர் ரிப்பன் வெட்டி, குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. கை தட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மனப்பாடம் செய்த நன்றியுரையை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

அந்தத் தண்ணீர், காலையில் லாரியில் வந்து டேங்கில் ஊற்றப்பட்டது. கட்டடத்துக்குக் குழாய் இணைப்பு கிடையாது. மோட்டாரும் கிடையாது. கார்கள் கிளம்பும்போது தலைமையாசிரியை தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், தண்ணி லைன் மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

"அது முனிசிபாலிட்டி வேலைங்க டீச்சர். நம்ம ப்ராஜெக்ட் கட்டடம் மட்டுந்தான்."

"கழுவறதுக்கு ஆளு இல்லீங்க சார்."

"பிள்ளைங்களுக்கே சுத்தம் சொல்லிக் குடுங்க டீச்சர். அதுவும் படிப்புத்தானுங்களே."

நான்காம் நாள் நாற்றம் வகுப்பறைக்கு வந்தது. தலைமையாசிரியை பூட்டி, சாவியை மேஜை டிராயரில் போட்டார். அந்தச் சாவி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று? அவர்கள் எப்போதும் செய்வதையே செய்தார்கள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது தண்ணீர் குடிப்பதில்லை. மத்தியானம் சத்துணவு சாப்பிட்டுவிட்டு ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாயங்காலம் வரை அடக்கிவைத்திருந்து, நாலு மணிக்கு வீட்டைப் பார்த்து ஓடுகிறார்கள். வயசுக்கு வந்த பிள்ளை மாதத்தில் அந்த நாட்களில் வருவதேயில்லை. நன்றியுரை சொன்ன பெண்ணும் அதில் ஒருத்தி.

அவள் யாருக்கு, எதற்கு நன்றி சொன்னாள்? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிதண்ணீர், இவை இல்லாமல் பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதியிருக்கிறது. நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது. அது அவளுடைய சொத்து. அவள் சொத்தை அவளுக்குப் பாதியாக, தண்ணீரில்லாமல் கொடுத்துவிட்டு, அவளையே வெயிலில் நிற்க வைத்து, பூப்போட வைத்து, நன்றி சொல்ல வைக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! கடமையைச் செய்யாத நகராட்சி ஆணையர் அன்றைக்கு மேடையில் இருந்தார். அவருக்கும் ஒரு சால்வை போட்டார்கள். எதற்கு? கட்டாமல் இருந்ததற்கா?

அரசாங்கத்துக்கும் இது சௌகரியம். 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று திட்டம் போட்டு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தாருங்கள் என்று கேட்டார்கள். 'நமக்கு நாமே' திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஊர் கூடித் தன் பள்ளியைத் தாங்குவதில் தப்பில்லை. ஆனால் அரசு கைநீட்டி வாங்கும் இடத்தில் நிற்க ஆரம்பித்தால், பட்ஜெட்டில் கேட்க வேண்டிய கேள்வியை யாரிடம் போய்க் கேட்பது? 'நிதியில்லை' என்று ஃபைலில் எழுதிய அதிகாரி, 'நன்கொடையாளர் கிடைத்தார்' என்று அதற்குக் கீழே எழுதி மூடிவிடுகிறார். உரிமையாக வர வேண்டியது பிச்சையாக வந்து சேர்கிறது, அதுவும் ஜன்னலை மூடிக்கொண்டு.

இந்த இடத்தில் நம் சங்கத்தார் படிக்காத அவர்கள் சொந்தச் சரித்திரத்தில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். சிகாகோவில் ரோட்டரி செய்த முதல் பெரிய பொதுக்காரியம் என்ன தெரியுமா? கழிப்பறைதான். 1907-ல் சிகாகோ நகரின் நடுவே பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பினார்கள். தாங்கள் நாலு தகரக் கதவு வாங்கிப் போட்டு, கல்வெட்டு வைக்கவில்லை. நகர நிர்வாகமே கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு கேட்டார்கள். மதுக்கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், ஏனென்றால் ஒண்ணுக்கு வந்தவன் சாராயக்கடைக்குள் நுழைய வேண்டியிருந்ததில் அவர்களுக்கு வியாபாரம் இருந்தது. பெரிய ஜவுளிக்கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். சங்கத்தில் இருந்தவர்களும் வியாபாரிகள்தான், எதிர்த்தவர்களும் வியாபாரிகள்தான். இருந்தும் விடவில்லை. இரண்டு வருஷம் இழுத்து, கட்ட வைத்தார்கள்.

அவர்கள் கேட்டார்கள். இவர்கள் கொடுக்கிறார்கள். கேட்பதற்கு முதுகெலும்பு வேண்டும், கொடுப்பதற்கு செக் புக் போதும்.

இவர்களால் ஏன் கேட்க முடியாது? ஊரில் ஆணையர் செல்போனை முதல் ரிங்கிலேயே எடுப்பது இவர்களுக்குத்தான். தலைமையாசிரியையின் மூன்று வருஷக் கடிதத்தால் ஆகாதது இவர்களுடைய ஒரு போனில் ஆகும். ஆனால் அந்த போனைப் போட முடியாது. கான்ட்ராக்டருக்கு பில் பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர் பிளான் அப்ரூவலில் இல்லாத இரண்டு மாடி எழுப்பியிருக்கிறார். நகைக்கடைக்காரரின் மூன்று மாடிக் கடைக்கு வீட்டு வரிதான் போடப்பட்டிருக்கிறது. நகராட்சியைப் பார்த்து 'என் வரிப்பணம் எங்கே போயிற்று' என்று கேட்க, முதலில் வரி கட்டியிருக்க வேண்டும். முப்பத்தொரு பேருடைய வாயிலும் ஆளுக்கொரு கொழுக்கட்டை. அது தெரியாமலிருக்கத்தான் அவ்வளவு பெரிய கிரானைட்.

ஏப்ரல், சுற்றுச்சூழல் மாதம். மரக்கன்று நடுவார்கள். போன வருஷம் நட்ட அதே குழி, வேறு கன்று. ரோடு அகலப்படுத்துகிறேன் என்று நூறு வயசுப் புளியமரங்களைச் சாய்த்த கான்ட்ராக்டரே மண்வெட்டி பிடிப்பார். மே, இளைஞர் மாதம், தாளாளரின் பள்ளியில் ஆளுமைப் பயிற்சி, முடிவில் அட்மிஷன் நோட்டீஸ். ஜூன், தோழமை மாதம். தோழமை என்றால் என்னவென்று ஊரில் டாஸ்மாக் சூப்பர்வைசரைக் கேட்டால் பிராண்டு வாரியாகச் சொல்வார். கடைசி வாரம் மாவட்ட விருது விழா. சங்கத்துக்குச் 'சிறந்த சுகாதாரத் திட்டம்' விருது. ஆல்பத்தின் அட்டையில் பூட்டப்படுவதற்கு முந்தைய கழிப்பறை, குழாயில் லாரித் தண்ணீர், பக்கத்தில் பூத்தட்டோடு அந்தப் பெண்.

இத்தனையும் சொன்னதற்கு, "நீ என்ன கிழித்தாய், அவர்களாவது ஏதோ கொடுக்கிறார்கள்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். 'ஏதோ' என்ற அந்தச் சொல்லைச் சகித்துச் சகித்துத்தான் இந்த ஊர் இப்படி ஆயிற்று. போலியோவுக்கு ஏதோ கொடுக்கவில்லை, ஒழியும்வரை விடவில்லை. கண்ணுக்கு ஏதோ கொடுக்கவில்லை, பார்வை வரும்வரை விடவில்லை. அந்த இயக்கத்துக்கு அது முடியும் என்று அதன் சரித்திரமே சாட்சி சொல்லும்போது, ஆறு அறைக் கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுவர முடியவில்லை என்றால், முடியாமல் இல்லை. தண்ணீர் வந்தால் போட்டோவில் தெரியாது.

வருகிற ஜூலையில் பதவியேற்கும் தலைவருக்கு ஒரு யோசனை. ப்ராஜெக்ட் ஒன்றே ஒன்று போதும், செலவு ஒரு வெள்ளைத்தாள். "தெற்குப் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும், துப்புரவுக்கு முறையான சம்பளத்தில் ஒரு ஆளும் எத்தனை நாளில் தருவீர்கள்? தராததற்குப் பொறுப்பான அதிகாரி யார்?" என்று நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு. கீழே கல்வெட்டில் இருக்கும் அதே முப்பத்தொரு பேர், அதே பட்டங்களோடு, அதே வரிசையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டு, அவரவர் வீட்டு வரி ரசீதையும் பட்டறை மஸ்டர் ரோலையும் பின் செய்து வையுங்கள்.

மனுவை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போடப் பேனாவும் தருகிறேன். அதில் 'உபயம்' என்று யார் பெயரும் இருக்காது.